பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் அறையில் எதுவும் இயங்கவில்லை

கேள்வி: பின்னறைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்னறையில் நேற்று மாலை முதல் விளக்கு, மின்விசிறி, பிளக் பாயிண்ட் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. டி.பி. பாக்ஸை, அதாவது மின் பகிர்வுப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது அந்த அறைக்கான எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) விழாமல் அப்படியே இருந்தது. ஒருமுறை இறக்கி ஏற்றியும் பயனில்லை. பிறகு டெஸ்டரை எடுத்துப் பிளக் பாயிண்டில் வைத்துப் பார்த்ததில் எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். பேஸ் துளையில் மட்டும் எரிய வேண்டிய டெஸ்டர் நியூட்ரல் துளையிலும் அதே வெளிச்சத்துடன் எரிகிறது. இரண்டு பேஸ் வந்துவிட்டதாக எண்ணி, எதையாவது செருகினால் கருகிவிடும் என்று அஞ்சி, அந்த எம்.சி.பி.யை இறக்கி வைத்திருக்கிறேன்.

இதற்கு முன் சுமார் பத்து நாட்களாக அந்த அறை விளக்கு அவ்வப்போது கண் சிமிட்டியது. மின்விசிறியின் வேகமும் காரணமில்லாமல் கூடிக் குறைந்தது. பல்ப் பழுதடைந்திருக்கும் என்று நினைத்து அதை மட்டும் மாற்றினேன்.

இதனுடன் தொடர்பு உண்டா இல்லையா என்று தெரியாத இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் கெட்டில் செருகும் பிளக் பாயிண்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருக்கிறது. அதே வரியில் (ஒரே எம்.சி.பி.யின் கீழ் ஓடும் வயரில்) 2200 வாட் மின் அடுப்பையும் 2200 வாட் கெட்டிலையும் சேர்த்துப் பயன்படுத்தினால் சற்று நேரம் கழித்து 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்துவிடுகிறது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, எம்.சி.பி.யை 25 ஆம்பியராக மாற்றினால் தொல்லை தீரும் என்றார். வயரின் உறையில் 1.5 என்று அச்சிட்டிருக்கிறது. மாற்றலாமா? பின்னறையில் பழுது எங்கே இருக்கும்? மல்டிமீட்டர் என்னிடம் உண்டு. ஓரளவு பயன்படுத்தத் தெரியும்.

பதில் 1: பழைய வயர்மேன்

நண்பரே, உங்கள் அறைக்கு இரண்டு பேஸ் வரவில்லை. நியூட்ரல்தான் வரவில்லை. வீட்டு வயரிங்கில் மிக அதிகமாகக் குழப்பம் தரும் பழுது இதுதான். நான் வேலை கற்ற முதல் ஆண்டில் நானும் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றவன்.

பேஸ் கம்பி வழியாக வரும் மின்சாரம் விளக்கையும் விசிறியையும் கடந்து நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டும். அறைக்குள் வரும் நியூட்ரல் எங்கோ ஓரிடத்தில் விட்டுப் போனால் திரும்பும் பாதை இல்லை. ஆகவே எதுவும் இயங்காது. ஆனால், சுவிட்ச் போட்ட நிலையில் இருக்கும் விசிறியின் சுருள் வழியாகப் பேஸ் அழுத்தம் (வோல்ட்டேஜ்) அந்த அறுந்துபோன நியூட்ரல் கம்பி முழுவதும் பரவி நிற்கும். அதே கம்பிதான் பிளக் பாயிண்டின் நியூட்ரல் துளைக்கும் வருவதால் அங்கேயும் டெஸ்டர் எரிகிறது. இதை உறுதிசெய்ய, அந்த அறையின் எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எம்.சி.பி.யை ஏற்றி மறுபடியும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். நியூட்ரல் துளையில் வெளிச்சம் போய்விட்டால், அல்லது மிக மங்கிவிட்டால், நான் சொல்வது சரி. மல்டிமீட்டரில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: விசிறி சுவிட்ச் போட்ட நிலையில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் இருக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அதற்கு நெருக்கமாகவே இருக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மட்டும் ஒன்றும் இராது.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். இந்த நிலையில் "நியூட்ரல்தானே" என்று எண்ணி ஹோல்டரில் கை வைப்பவர்தான் அடி வாங்குவார். விளக்கு எரியாததால் கரண்ட் இல்லை என்று கொள்ளக் கூடாது. இந்தப் பழுதில் விளக்கு எரியாமல் இருக்கும்போதே இரண்டு கம்பியிலும் அழுத்தம் நிற்கிறது.

இனி இடத்தைத் தேடுவது. பத்து நாட்களாக விளக்கு சிமிட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிமிட்டல்தான் பழுதின் தொடக்கம். கம்பி சுவருக்குள் திடீரென்று அறுவது அரிது, இணைப்புதான் தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூட்டில் கம்பியின் மேற்பரப்பு கறுக்கும், கறுத்தபின் இன்னும் கூடுதலாகச் சூடாகும், ஒருநாள் முழுவதும் விட்டுப்போகும். எனவே சுவரை உடைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இணைப்புகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

மெயினை இறக்கிவிட்டு முதலில் டி.பி. பாக்ஸில் உள்ள நியூட்ரல் பட்டையிலிருந்து தொடங்குங்கள். பின்னறைக்குப் போகும் நியூட்ரலின் திருகு தளர்ந்திருக்கலாம். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். திருகை முறுக்குவதற்கு முன் கம்பியை லேசாக இழுத்துப் பாருங்கள். உறை மேல் திருகு ஏறியிருந்தால் முறுக்கமாகத்தான் தோன்றும். உள்ளே செம்பு தொட்டிருக்காது. அங்கே சரியாக இருந்தால் அடுத்து அந்த அறையின் சுவிட்ச் போர்டு, அதன்பின் இரண்டுக்கும் இடையில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ். நியூட்ரல் பெரும்பாலும் ஒரு பாயிண்டிலிருந்து மறு பாயிண்டுக்கு லூப் அடித்துக்கொண்டே போகும் என்பதால், இயங்கும் கடைசிப் பாயிண்டுக்கும் இயங்காத முதல் பாயிண்டுக்கும் நடுவில்தான் குற்றவாளி இருப்பான். உங்கள் அறை முழுவதும் செத்திருப்பதால் அறைக்கு வெளியே இருக்கும் ஜங்ஷன் பாக்ஸின் மேல்தான் எனக்குச் சந்தேகம். உறையில் உருகல், பழுப்பு நிறம், நண்டுக்கால் போல விரிந்து நிற்கும் பழைய டேப் ஆகியவை தென்பட்டால் தேடலை நிறுத்திவிடலாம்.

இந்தப் பழுது ஓர் அறையில் இருக்கும்வரை இப்படிப் பொறுமையாகத் தேடலாம். மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் மெயின் நியூட்ரலே விட்டுப் போனால் சில அறைகளில் விளக்குகள் மங்கும், சிலவற்றில் கண் கூசும் அளவுக்கு எரியும். 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிகள் மீது 400 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம்கூட ஏறக்கூடும். அப்போது எதையும் தேடிக்கொண்டிருக்காமல் மெயினை இறக்கிவிட்டு மின் வழங்குவோரை அழைக்க வேண்டும். மீட்டருக்கும் அதற்கு முந்தைய பகுதிக்கும் நாம் கை வைக்கும் உரிமை இல்லை.

பதில் 2: அளந்து பார்

மேலே பெரியவர் சொன்ன நோயறிதலோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் தேடத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவற்றை அவர் தம் பழக்கத்தில் ஒரே சொல்லில், "மெயினை இறக்கிவிட்டு" என்று கடந்துவிட்டார். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்பதைக் கேள்வி கேட்டவர் எழுதவில்லை. இருந்தால் மெயினை இறக்கிய அடுத்த நொடியே இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதன் வரியில் 230 வோல்ட்டைக் கொடுக்கத் தொடங்கும். மெயினை இறக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் ஜங்ஷன் பாக்ஸைத் திறப்பவருக்கு அதே பாக்ஸின் வழியாகச் செல்லும் இன்வெர்ட்டர் வயர் காத்திருக்கும். ஆகவே முதலில் இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் துண்டிக்க வேண்டும். கூரையில் சூரிய மின் தகடுகள் இருந்தால் அந்த வரியையும் சேர்த்தே. பிறகு டி.பி. பாக்ஸின் கதவில் வேலை நடக்கிறது என்று ஒரு தாள் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள ஒருவர் விசிறி ஓடவில்லையே என்று போய் மெயினை ஏற்றிவிடுவது நான் கண்ணால் கண்ட நிகழ்வு.

அடுத்தது டெஸ்டர். அதற்குள் ஒரு நியான் பல்பும் ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் அளவுள்ள ஒரு மின்தடையும் இருக்கின்றன. மிகச் சிறிய மின்னோட்டம் நம் உடல் வழியாகத் தரைக்குப் போவதால்தான் அது எரிகிறது. தடித்த ரப்பர் செருப்புடன் காய்ந்த மர ஏணியில் நிற்கும்போது அது எரியாமல் போகலாம், வெயில் வெளிச்சத்தில் எரிந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், நியான் பழுதாகியும் இருக்கலாம். எனவே டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று நம்பலாம். எரியாததைக் கொண்டு கரண்ட் இல்லை என்று நம்பக் கூடாது. கரண்ட் இருப்பதாக நமக்குத் தெரிந்த ஓரிடத்தில் மீட்டரை வைத்து அது வேலை செய்வதைப் பார்த்து, பிறகு வேலை செய்யவிருக்கும் இடத்தில் அளந்து, மீண்டும் அந்த முதல் இடத்துக்கே போய் மீட்டர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்வதுதான் முறை. முதல் இடம் மெயின் சுவிட்சின் உள்வரும் முனையாக இருக்கத் தேவையில்லை. அது எப்போதும் உயிருடன் இருக்கும் ஆபத்தான இடம். மெயினை இறக்கும் முன் வேறோர் அறையின் பிளக் பாயிண்டில் பார்த்துவிட்டு, வேலையிடத்தில் அளந்தபின் பக்கத்து வீட்டுப் பிளக்கில் சோதிக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 1 கோடி ஓம் ஆக இருப்பதால், எதனோடும் சேராமல் வெறுமனே கிடக்கும் கம்பிகூட, ஒரே குழாயில் பக்கத்தில் ஓடும் பேஸ் கம்பியிடமிருந்து அழுத்தத்தைக் கடன் வாங்கி 40, 60, 90 வோல்ட் என்றெல்லாம் காட்டும். அது போலி வோல்ட்டேஜ். பழைய இழை பல்ப் ஒன்றை ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர் நீட்டிய சோதனை விளக்கு ஒன்றைச் செய்துகொண்டு அந்த இரண்டு முனைகளுக்கிடையில் வைத்தால் போலி அழுத்தம் அந்தக் கணமே சரிந்துவிடும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்ப் மங்கலாக எரிவதற்கும் பெரும்பாலும் இந்தக் கடன் வாங்கிய அழுத்தமே காரணம். சில வீடுகளில் சுவிட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பதும் காரணமாகும். இரண்டாவது வகையை உடனே திருத்த வேண்டும், ஏனென்றால் சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்ப் மாற்றுபவரின் விரலுக்கருகில் பேஸ் இருந்துகொண்டே இருக்கும்.

மெயின் இறங்கியிருக்கும்போது நியூட்ரலின் தொடர்ச்சியைப் பார்க்க நீளமான ஒரு தனி வயரை நியூட்ரல் பட்டையிலிருந்து அறைவரை இழுத்துக்கொண்டு, அதன் முனைக்கும் பிளக்கின் நியூட்ரல் துளைக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 20 மீட்டர் என்றால் கால் ஓம்தான் வரவேண்டும். இழுத்த வயரின் தடையையும் மீட்டர் முனைகளின் தடையையும் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியதாலேயே இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்யக் கூடாது. ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டரின் சொற்ப மின்னோட்டத்துக்கு அது போதும். விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும்.

பதில் 3: லோடு கணக்கு

சமையலறைப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். சுருக்கமான விடை: 25 ஆம்பியர் போடக் கூடாது. அப்படிச் சொன்னவர் தொல்லை தரும் மணியை நிறுத்தச் சொல்கிறார், நெருப்பை அல்ல.

எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. அடுப்பையோ கெட்டிலையோ அல்ல. உங்கள் இரண்டு கருவிகளும் சேர்ந்து 4400 வாட். 230 ஆல் வகுத்தால் 19 ஆம்பியர். சுவருக்குள் குழாயில் செல்லும் 1.5 சதுர மி.மீ. பி.வி.சி. செம்பு வயர், சுவரின் தன்மையையும் குழாயில் உள்ள கம்பிகளின் எண்ணிக்கையையும் பொறுத்து, 14 முதல் 17 ஆம்பியர் வரைதான் தொடர்ந்து தாங்கும். அதற்கு மேல் போனால் உறை 70 டிகிரி செல்சியஸைக் கடந்து காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும். எம்.சி.பி. தன் மதிப்பைத் தாண்டியவுடன் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதன் மதிப்பைப் போல் 1.13 மடங்கில் ஒரு மணி நேரம் வரை விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும் என்பதே வீட்டு எம்.சி.பி.க்கான விதி. உங்கள் 16 ஆம்பியர் எம்.சி.பி. 19 ஆம்பியரில் சற்று நேரம் பொறுத்துப் பார்த்து விழுவது அதன் ஒழுங்கான நடத்தை. அந்த இடத்தில் 25 ஆம்பியர் போட்டால் 36 ஆம்பியர்வரைகூட அது ஒரு மணி நேரம் பொறுத்துக்கொண்டிருக்கும், வயர் பொறுக்காது.

சரியான வழி, மின் அடுப்புக்கு டி.பி. பாக்ஸிலிருந்து தனி வரி ஒன்றை 2.5 சதுர மி.மீ. வயரில் இழுத்து, அதற்கென்று ஒரு 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது. வாட்டர் ஹீட்டர், ஏசி போன்றவற்றுக்கும் இதே கொள்கைதான். வரி நீளமாக இருந்தாலும் கருவி பெரிதாக இருந்தாலும் 4 சதுர மி.மீ. நல்லது. பேஸும் நியூட்ரலும் ஒரே பருமனில் இருக்க வேண்டும், எர்த் கம்பியையும் மறக்காமல் கூடவே இழுக்க வேண்டும். குழாயின் உள்பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் கம்பிகளால் நிரப்பாதீர்கள். ஏற்கெனவே நிறைந்திருக்கும் குழாயில் வலுக்கட்டாயமாக இழுத்தால் புதிய வயரின் உறை உள்ளேயே உரிந்துவிடும், வெளியே தெரியாது. தனி வரி வரும்வரை இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துங்கள்.

கருகிய பிளக் பாயிண்ட் வேறு கதை. பின்னறையின் கதைக்கு உறவுக்காரன்: இங்கேயும் தளர்ந்த இணைப்புதான். பலமுறை செருகிப் பிடுங்கியதில் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளின் பிடி தளர்ந்திருக்கும், அல்லது பின்புறத் திருகு தளர்ந்திருக்கும். அங்கே 0.2 ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2200 வாட் கெட்டில் எடுக்கும் 9.6 ஆம்பியரை வர்க்கப்படுத்தி 0.2 ஆல் பெருக்கினால் 18 வாட். ஈயம் பற்றவைக்கும் ஒரு சிறிய சூட்டுக்கோல் அளவுக்கான வெப்பம், தீக்குச்சித் தலை அளவுள்ள இடத்தில். இதை எம்.சி.பி.யோ, மின் கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யோ கண்டுபிடிக்கவே முடியாது. தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் குறைக்குமே தவிரக் கூட்டாது, எர்த்துக்கும் எதையும் கசியவிடாது. ஆகவே கண்ணாலும் மூக்காலும்தான் கண்டுபிடிக்க வேண்டும். கெட்டிலில் நிறைய நீர் ஊற்றிக் கொதிக்கும்வரை ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கியவுடன் அதன் பின்களின் அடிப்பகுதியில் உள்ள பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, விரலை வைத்திருக்க முடியாத சூடு இயல்பல்ல.

அந்த பிளக் பாயிண்டைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். கருகிய கம்பி முனையைச் செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுப் புதிதாக உரித்து மாட்டுங்கள். கெட்டிலின் பிளக்கும் கருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பிளக்கின் கருகிய பின்கள் புதிய நாக்கையும் விரைவில் கெடுத்துவிடும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பின்னறைக்காரன்

மூவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி எல்லா சுவிட்சையும் அணைத்ததும் நியூட்ரல் துளையில் டெஸ்டர் அணைந்துவிட்டது. நியூட்ரல் பட்டைத் திருகு நன்றாகவே இருந்தது. இன்வெர்ட்டரை நிறுத்தி, மீட்டரைச் சோதித்துக்கொண்டு, நடைபாதையின் மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே மூன்று நியூட்ரல் கம்பிகளை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரு கம்பி தனியே பிரிந்து வந்தது. முனை கறுத்து, உறை அரை விரல் நீளத்துக்கு உருகியிருந்தது.

ஆனால் நான் ஒரு தவறு செய்துவிட்டேன் போலிருக்கிறது. கருகிய பகுதியை வெட்டியபின் கம்பி குட்டையாகிவிட்டதால் பழைய இடத்துக்கு எட்டவில்லை. அதே பாக்ஸில் பக்கத்து அறைக்குப் போகும் நியூட்ரல் கைக்கு எட்டியதால், எல்லாம் ஒரே நியூட்ரல்தானே என்று அதனுடன் சேர்த்துவிட்டேன். மெயினை ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. பின்னறை விசிறியைப் போட்ட நொடியில் ஆர்.சி.சி.பி. விழுந்துவிட்டது. விசிறியை அணைத்தால் ஆர்.சி.சி.பி. ஏறி நிற்கிறது, மறுபடி போட்டால் விழுகிறது. விசிறியில் கசிவு இருக்கிறதா? எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. பின்னாளில் போட்டது, சமையலறை, குளியலறை, பக்கத்து அறை ஆகிய மூன்றும்தான் அதன் கீழ் இருக்கின்றன. பின்னறை அதன் கீழ் இல்லை என்பதால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

பதில் 4: அளந்து பார்

விசிறி நல்ல விசிறிதான். கடைசி இரண்டு வாக்கியங்களில் நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள்.

ஆர்.சி.சி.பி.க்குள் பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒரே இரும்பு வளையத்தின் ஊடே செல்கின்றன. பேஸ் வழியாகப் போனது நியூட்ரல் வழியாக அப்படியே திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கணக்கில் குறைந்தாலும் கூடினாலும் விழுந்துவிடும். வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., 15 முதல் 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்குள் விழ வேண்டும். உங்கள் பின்னறைக்குப் பேஸ் வருவது ஆர்.சி.சி.பி.யைத் தொடாத வரியிலிருந்து. திரும்பிப் போவதோ நீங்கள் சேர்த்துவிட்ட பக்கத்து அறை நியூட்ரல் வழியாக, அதாவது ஆர்.சி.சி.பி.யின் ஊடாக. 75 வாட் விசிறி எடுக்கும் 300 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம், போன கணக்கில் இல்லாமல் வந்த கணக்கில் மட்டும் தோன்றுகிறது. விழாமல் என்ன செய்யும்? ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பே 40 மில்லி ஆம்பியரை ஒட்டி எடுக்கும். அதைப் போட்டாலும் விழுந்துவிடும்.

அது விழுந்தது உங்கள் நல்ல நேரம் என்றே சொல்வேன். ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில் இப்படிக் கடன் வாங்கிய நியூட்ரல் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும். என்றோ ஒருநாள் ஒருவர் பக்கத்து அறையின் எம்.சி.பி.யை மட்டும் இறக்கிவிட்டு அந்த அறையின் நியூட்ரலைக் கழற்றுவார். பின்னறை விசிறி ஓடிக்கொண்டிருந்தால், கழன்ற முனையில் முழுப் பேஸ் அழுத்தமும் வந்து நிற்கும். ஒரு வரியின் பேஸும் நியூட்ரலும் டி.பி. பாக்ஸிலிருந்து கடைசிப் பாயிண்ட்வரை சோடியாகவே செல்ல வேண்டும்; அடுத்த வரியின் நியூட்ரலில் கை வைக்கக் கூடாது.

ஆகவே அந்த இணைப்பைப் பிரித்துவிட்டு, எட்டாத கம்பிக்கு அதே பருமனும் அதே நிறமும் உள்ள துண்டு வயர் ஒன்றைக் கனெக்டர் மூலம் சேர்த்துப் பழைய நியூட்ரலுடனேயே இணையுங்கள். நிறத்தைச் சொன்னதால் ஒன்று: பழைய வீடுகளில் சிவப்பு பேஸாகவும் கறுப்பு நியூட்ரலாகவும் பச்சை எர்த்தாகவும் இருக்கும், புதியவற்றில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடு என்று இருக்கும். இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. நிறத்தைப் பார்த்து யூகியுங்கள், அளந்து பார்த்து முடிவுசெய்யுங்கள்.

இன்னும் ஒன்று. ஆர்.சி.சி.பி. அதிக லோடையோ ஷார்ட்டையோ பார்க்காது, அது எம்.சி.பி.யின் வேலை. ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அவரை ஒரு பல்ப் என்றே எடுத்துக்கொண்டு அது பேசாமல் இருக்கும்.

பதில் 5: பழைய வயர்மேன்

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பின் மேல் பழியைப் போட எல்லோரும் தயாராக இருப்பீர்கள். நான் முப்பது ஆண்டுகள் முறுக்கித்தான் சேர்த்தேன். ஒழுங்காக முறுக்கி ஈயம் பற்றவைத்த இணைப்பு ஒன்றுகூட என்னைத் திரும்ப அழைத்ததில்லை. இங்கே கெட்டது முறுக்கு அல்ல, மூன்று கம்பிகளில் ஒன்றை நேராக வைத்து மற்ற இரண்டை அதன்மேல் சுற்றியிருப்பார்கள். நேராக நின்ற கம்பி உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஆயினும் வீட்டுக்காரர் தாமே செய்யும் வேலைக்கு நானும் கனெக்டரைத்தான் சொல்வேன். உரிக்க வேண்டிய நீளம் அதன் மேலேயே போட்டிருக்கும், செம்பு வெளியே தெரியாது, மறுபடி சோதிக்க வேண்டுமானால் கழற்றலாம்.

ஈயத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல இழை வயரின் முனையில் ஈயம் பூசி அதைத் திருகுக்கு அடியில் வைப்பதைப் பலர் நேர்த்தி என்று நினைக்கிறார்கள். ஈயம் மென்மையானது, திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், சில மாதங்களில் திருகு தானாகத் தளர்ந்ததுபோல் ஆகிவிடும். அங்கே லக் எனப்படும் உலோக முனையைப் போட்டு நசுக்கி மாட்டுவதே சரி. திருகுக்குள் நுழையவில்லை என்பதற்காக இரண்டு மூன்று இழைகளை வெட்டிவிடும் பழக்கமும் உண்டு. அதைச் செய்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இணைப்பு எங்கே போட்டாலும் அது திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். குழாய்க்குள் இணைப்பை இழுத்து மறைத்தால் அடுத்து தேடுபவருக்குச் சுவரை உடைப்பதைத் தவிர வேறு வழி இராது. பாக்ஸுக்குள் கம்பிகளை இறுக்கமாக விடாமல் ஒரு சாண் நீளம் கூடுதலாக மடித்து வைத்திருந்தால், இன்று கருகிய முனையை வெட்டியதும் எட்டாமல் போயிருக்காது. அடுத்தவர் நியூட்ரலைத் தேடவும் வேண்டியிருக்காது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பின்னறைக்காரன்

கடன் வாங்கிய நியூட்ரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துண்டு வயரும் கனெக்டரும் போட்டுப் பழைய இடத்தில் இணைத்தபின் விசிறி, விளக்கு, பிளக் பாயிண்ட் ஆகிய மூன்றும் இயங்குகின்றன, ஆர்.சி.சி.பி. விழவில்லை. பின்னறைப் பிளக்கில் இஸ்திரிப் பெட்டியை அரை மணி நேரம் ஓடவிட்டு, மெயினை இறக்கிக் கனெக்டரைத் தொட்டுப் பார்த்தேன்; சூடே இல்லை. பாக்ஸில் இருந்த மற்ற முறுக்கு இணைப்புகளையும் அப்படியே மாற்றிவிட்டேன். அவற்றில் ஒன்றின் டேப் பழுப்பாகத் தொடங்கியிருந்தது.

சமையலறைப் பிளக் பாயிண்டையும் கெட்டிலின் பிளக்கையும் மாற்றியாயிற்று. 25 ஆம்பியர் எம்.சி.பி. போடவில்லை. மின் அடுப்புக்கான தனி வரியை உரிமம் பெற்ற ஒருவரை வைத்தே இழுக்கப்போகிறேன். பழைய குழாயில் ஏற்கெனவே ஏழு கம்பிகள் இருப்பதால் சுவருக்கு வெளியே தனிக் குழாய் வேண்டியிருக்கும் என்று அவர் சொல்கிறார். பின்னறையையும் ஆர்.சி.சி.பி.யின் கீழ் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு ஐயம்: டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதே, அப்படியானால் எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில் 6: அளந்து பார்

கொள்ளக் கூடாது. அந்தப் பொத்தான் ஆர்.சி.சி.பி.க்கு உள்ளேயே ஒரு மின்தடை வழியாகச் செயற்கையான வேறுபாட்டை உண்டாக்குகிறது; எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது விழும். விழும் கருவி உயிருடன் இருக்கிறது என்பது மட்டுமே அதனால் தெரியும். அதற்காக மாதம் ஒருமுறை அழுத்துங்கள். எர்த்தின் தொடர்ச்சியை நியூட்ரலுக்குப் பார்த்தது போலவே, எர்த் பட்டையிலிருந்து நீள வயர் இழுத்து ஒவ்வொரு பிளக்கின் எர்த் துளையிலும் தனியாக அளக்க வேண்டும். தனி வரி இழுக்க வருபவர் மெகர் (வயர் உறையின் தடையை அளக்கும் கருவி) கொண்டுவந்தால், எல்லாக் கருவிகளையும் பிடுங்கிவிட்டு, சுவரோடு இணைந்த எல்.இ.டி. விளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வரியிலும் கம்பிகளுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட்டில் உறைத் தடையைப் பார்க்கச் சொல்லுங்கள். 10 லட்சம் ஓமுக்குக் கீழே காட்டும் வரியை ஆர்.சி.சி.பி.யில் சேர்க்கும் முன் சரிசெய்ய வேண்டும். உருகிய உறை இருந்த அந்த நடைபாதை பாக்ஸின் வரியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.